கடவுச்சொல்லும் குடும்பத்தின் இலக்கக் கொப்பியும்

முன்னாளிலே நம் வீடுகளில் தொலைபேசி இலக்கங்களைக் குறித்து வைக்கும் கொப்பி ஒன்று இருந்தது. தொலைபேசி இல்லாத வீடுகளிலுங்கூட அஃது இருந்தது; சந்தியிலுள்ள கொம்யூனிகேஷன் கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்வர். பெரும்பாலும் அது பிள்ளைகள் பாதி எழுதி மீதி விட்ட பாடசாலைக் கொப்பியாகவே இருக்கும். முதற் பக்கத்திலே வைத்தியசாலை. அடுத்துக் கிராம சேவகர். அதன்பின் 065 என்று தொடங்கும் உள்ளூர் இலக்கங்கள். கடைசிப் பக்கங்களிலே வெளிநாடு சென்ற பிள்ளைகளின் நீண்ட நீண்ட இலக்கங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடியையும் திருச்செந்தூரையும் வாரிக்கொண்டு சென்றபோது, வீடுகளோடு இத்தகைய கொப்பிகளும் சென்றன. தூரத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி சொல்லியே ஆகவேண்டிய அந்த நேரத்திலேதான் இலக்கம் கையில் இல்லாது போயிற்று.

இன்று அக்கொப்பியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக் கொண்டது. இலக்கங்களை மனத்தில் வைத்திருப்போரும் இலர். தாளில் எழுதி வைப்போரும் அரியர். பெற்ற தாயின் இலக்கத்தைக் கேட்டாலும், “போனில் இருக்கிறது, சேர்” என்றே என் மாணாக்கர் பலர் விடை கூறுகின்றனர். அந்தத் தொலைபேசி வாவியிலே விழுந்துவிட்டால் என் செய்வது? மீன்பிடிக்கத் தோணியேறுவோரும், பாலத்தில் நின்று படம் பிடிப்போரும் நிறைந்த ஊரில் இது வீண் கேள்வி அன்று.

ஆகவே அவ்விலக்கங்களின் பிரதி ஒன்றைத் தொலைபேசிக்கு வெளியே வேறொரு கணினியில் வைத்திருத்தல் வேண்டும். பெரும்பாலோர் இதனைத் தாம் அறியாமலே செய்து வருகின்றனர். அண்ட்ரொயிட் தொலைபேசியாயின் கூகிள் நிறுவனத்திடமும், ஐபோனாயின் அப்பிள் நிறுவனத்திடமும் அவர்களுடைய இலக்கங்கள் சென்று சேர்கின்றன. குடும்பத்தின் உறவு முழுவதையும் அந்நிய நிறுவனத்திடம் ஒப்படைக்க மனம் ஒப்பாதார் சிலர், தமக்கென்றே ஒரு சேவையகத்தை அமைத்துக் கொள்கின்றனர். சேவையகம் என்பது, கேட்போருக்குக் கேட்டதைக் கொடுக்கும்பொருட்டு இரவும் பகலும் விழித்திருக்கும் கணினி. அது பெரிய இயந்திரமாக இருக்க வேண்டியதில்லை. ராஸ்பெரி பை எனப்படும், உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினியே ஒரு குடும்பத்துக்குப் போதும். அதிலே நெக்ஸ்ட்கிளவுட் என்னும் இலவச மென்பொருளை இடுவர். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிராங்க் கார்லிட்ஷெக் என்பாரும் அவர்தம் தோழரும் 2016இல் தொடங்கிய முயற்சி அது. தொலைபேசியும் சேவையகமும் முகவரி விபரங்களைப் பரிமாறிக் கொள்ளும் முறைக்கு கார்ட்-டாவ் என்பது பெயர். 2011இல் அது இணையத்தின் பொது விதியாக வெளியிடப்பட்டது. ஐபோனில் இம்முறை உள்ளேயே அமைந்துள்ளது. அண்ட்ரொயிட்டுக்கு ஒஸ்திரியா நாட்டார் செய்த டாவ்எக்ஸ்-ஃபைவ் போன்றதொரு செயலி வேண்டும்.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கல்லடியிலே தமையனார் வீட்டில் சேவையகம், ரொறன்ரோவில் தம்பி குடும்பம், டோகாவில் தங்கை. மூவருக்கும் வெவ்வேறு கடவுச்சொல். ஆயினும் பொதுவாக ஒரே இலக்கக் கொப்பி. பெரியம்மாவின் இலக்கம் மாறிற்றென்று தங்கை ஒருமுறை திருத்தினால், மூன்று நாட்டிலும் திருந்திவிடுகிறது. நல்ல ஏற்பாடன்றோ? ஒருநாள் தங்கையின் தொலைபேசியிலே, ‘பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை’ என்று ஓர் அறிவித்தல் தோன்றுகிறது. சொல்லை மாற்றியவர் எவரும் இல்லை. மீண்டும் இடுகிறார், மீண்டும் மறுப்பு.

செய்யத் தகாத காரியம்

உண்மையான நட்டம் இவ்விடத்திலேதான் நேர்கிறது. கடவுச்சொல் மறுக்கப்பட்டதனால் ஓர் இலக்கமும் அழிவதில்லை. தொலைபேசியில் உள்ளவை தொலைபேசியிலும், சேவையகத்தில் உள்ளவை சேவையகத்திலும் அப்படியே இருக்கின்றன. இடையே போக்குவரத்து நின்றது, அவ்வளவே. ஆயினும் மனிதர் பொறுமை இழந்து, “கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்போம்” என்று துணிகின்றனர். கணக்கை நீக்கினால் அக்கணக்குக்குரிய இலக்கங்கள் யாவும் தொலைபேசியிலிருந்து நீங்கும். சேவையகத்தில் உள்ளவை மீண்டும் வந்து சேரும் என்பது மெய்யே. ஆனால், போக்குவரத்து நின்ற பிறகு தொலைபேசியிலே புதிதாகச் சேர்த்த இலக்கங்கள் சேவையகத்தை ஒருபோதும் அடைந்தில. அவை எங்கிருந்து திரும்பி வரும்?

இதிலே மற்றுமொரு சங்கடம் உண்டு. மறுப்பு அறிவித்தல் தோன்றியவுடன் அதை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பது பலரின் வழக்கம். தொலைபேசி வழமைபோல் இயங்குகிறது. இலக்கங்கள் கண்முன்னே இருக்கின்றன. ஆகவே எல்லாம் ஒழுங்காயிருக்கிறது என்றே எண்ணுவர். மூன்று மாதம் கழித்துக் கணக்கை அழிக்கும்போது, அந்த மூன்று மாதத்துப் புதிய அறிமுகங்கள் அத்தனையும் போகும். புதிய வேலைத்தலத்தின் இலக்கம், பிள்ளையின் வகுப்பாசிரியர், வைத்தியசாலையில் அறிமுகமான தாதி என்று அவை இருக்கலாம்.

எனவே செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, எதையும் தொடுமுன் தொலைபேசியிலுள்ள முகவரிகளை ஒரு வி-கார்ட் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வைத்தல். தொலைபேசியின் முகவரிச் செயலியிலேயே பெரும்பாலும் இதற்கு வசதி உண்டு. இரண்டு நிமிட வேலை. இரண்டாவது, கணக்கை நீக்காமல், அதன் அமைப்புப் பகுதிக்குச் சென்று கடவுச்சொல்லை மட்டும் மாற்றுதல். பூட்டிலே சாவி திரும்பாவிடின் சாவியைப் பார்க்கிறோமேயன்றி வீட்டைப் பெயர்ப்பதில்லையே.

கணினி கேட்கும், தொலைபேசி கேளாது

இப்போது காரணத்தைத் தேடுவோம். முதலிற் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. அதே பயனர் பெயரையும் அதே கடவுச்சொல்லையும் கொண்டு, இணைய உலாவி வழியாகச் சேவையகத்தினுள் நுழைந்து பாருங்கள். அங்கும் மறுக்கப்பட்டால் சொல்லே பிழையாயிருக்கலாம். உலாவியிலே திறந்து, தொலைபேசியிலே மறுக்கப்பட்டால், சொல் சரியானது; அது செல்லும் வழியில்தான் கோளாறு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமையினாலேயே எத்தனையோ பேர் நல்ல கடவுச்சொல்லைப் பத்துமுறை மாற்றி, இறுதியில் எது புதியது, எது பழையது என்று தாமே அறியாது மயங்குகின்றனர்.

உலாவிக்கும் தொலைபேசிக்கும் என்ன வேறுபாடு? உலாவியில் நாம் ஒருமுறை கடவுச்சொல்லைக் காட்டுகிறோம். சேவையகம் ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறது. அதன்பின் அச்சீட்டைக் கொண்டே உலாவுகிறோம். தொலைபேசியின் ஒத்திசைவுச் செயலியோ, போகுந்தோறும் பெயரையும் சொல்லையும் காட்டுகிறது. போர்க்காலத்திலே எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாவியைக் கடக்குந்தோறும் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியதை மூத்தோர் மறந்திரார். காலையில் காட்டினோம் என்று மாலையில் விட்டாரா? அதுபோலவே இதுவும். இம்முறையில் சொல் மறைவாகச் செல்வதில்லை. 64 குறிகளைக் கொண்ட ஒருவகை எழுத்துமாற்றத்திற்கு உட்படுகிறது. அதை எவரும் ஒரு நொடியில் மீள வாசிக்கலாம். அதனாலேதான் சேவையக முகவரி, மறைகுறியீட்டுப் பாதுகாப்புள்ள இணைப்பாகவே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர்.

இவ்வேறுபாட்டிலிருந்து இரு காரணங்கள் பிறக்கின்றன. ஒன்று, இரட்டைச் சரிபார்ப்பு. தமையனார் பாதுகாப்புக் கருதி, கடவுச்சொல்லோடு ஆறிலக்கக் குறியீடு ஒன்றையும் கேட்கும்படி எல்லோர் கணக்கிலும் ஒழுங்கு செய்துவிட்டார் என்று வையுங்கள். உலாவியில் அந்த ஆறிலக்கத்தை நாம் இடலாம். நள்ளிரவிலே தானே சென்று ஒத்திசைக்கும் செயலிக்கு அதை யார் இடுவார்? ஆகவே நெக்ஸ்ட்கிளவுட், இரட்டைச் சரிபார்ப்பு உள்ள கணக்கின் முதன்மைச் சொல்லைச் செயலிகளிடமிருந்து ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக, உலாவியில் நுழைந்து பாதுகாப்புப் பகுதியிலே செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் ஒன்றை ஆக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தைந்து எழுத்தாக ஐந்து தொகுதி, இடையே சிறு கோடுகள். இதுவே அதன் வடிவம். அது ஒரேயொரு முறைதான் திரையில் காட்டப்படும். அப்போதே தொலைபேசியில் இட்டுவிட வேண்டும். தங்கையின் கதையில் நேர்ந்தது இதுவே. சொல்லை மாற்றியவர் எவருமில்லை. ஆயினும் கதவின் விதி மாறிவிட்டது.

தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு செயலிச் சொல் வைத்தல் நன்று என்பது என் துணிபு. ஒரு தொலைபேசி களவு போனால் அதற்குரிய சொல்லை மட்டும் நீக்கிவிடலாம். ஏனையோர் அறியவும் தேவையில்லை.

மற்றைக் காரணம் சேவையகத்தை அமைத்தவர் கவனிக்க வேண்டியது. அப்பாச்சி என்னும் இணைய வழங்கு மென்பொருள், சில அமைப்புமுறைகளிலே, வருபவர் காட்டும் பெயரையும் சொல்லையும் உள்ளே அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் நெக்ஸ்ட்கிளவுட்டுக்கு, வந்தவர் ஒன்றுமே காட்டவில்லை என்று தோன்றும், மறுத்துவிடும். உலாவி வேறு முறையில் நுழைவதால் அதற்கு இத்தடை இல்லை. எல்லாத் தொலைபேசிகளும் ஒரேநாளில், அதுவும் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளில், மறுக்கப்பட்டால் இதனை ஐயுறுக.

ஒருவர் தட்ட எல்லோரும் காத்திருத்தல்

ரொறன்ரோவிலே தம்பி தம் கடவுச்சொல்லை மாற்றினார், தொலைபேசியிலும் மாற்றிக்கொண்டார். ஆயினும் வீட்டிலே பிள்ளைகள் விளையாடும் பழைய தட்டைக் கணினி ஒன்றிலும் அதே கணக்கு உண்டு என்பதை அவர் நினைக்கவில்லை. அது பழைய சொல்லையே வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. சேவையகம் என்ன நினைக்கும்? ஒருவன் சொல் சொல்லாக முயன்று கதவைத் திறக்கப் பார்க்கிறான் என்று நினைக்கும். அத்தகைய கள்வரைத் தடுக்க நெக்ஸ்ட்கிளவுட்டில் ஒரு தந்திரம் உண்டு. பிழையான முயற்சி பெருகும்போது, அதே முகவரியிலிருந்து வருவோருக்கு விடை கொடுப்பதைத் தாமதிக்கும். தாமதம் 25 விநாடி வரை நீளும். அதற்கும் அடங்காவிடின் சிறிது நேரம் அடியோடு மறுக்கும்.

ஒரு வீட்டிலுள்ள கருவிகள் யாவும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தோன்றுகின்றன என்பதை இங்கு கவனித்தல் வேண்டும். ஆகவே ஒரு தட்டைக் கணினியின் குற்றத்துக்காகத் தம்பி, மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய தொலைபேசிகளும் வாசலிலே காத்து நிற்கின்றன. சரியான சொல்லை இட்டும் திறக்கவில்லையே என்று அவர்கள் மேலும் மேலும் முயலுவர். இதற்கு மருந்து எளிது. வீட்டிலுள்ள பழைய கருவிகளையெல்லாம் தேடிப் பிடித்து அவற்றின் ஒத்திசைவை நிறுத்துக. பின்பு சற்றுப் பொறுத்திருந்து ஒருமுறை மாத்திரம் முயலுக. பொறுக்க இயலாதவர் வீட்டு இணைப்பை விட்டுத் தொலைபேசியின் சொந்த இணைய இணைப்பிலே முயன்று பார்க்கலாம். அங்கே உடனே திறந்தால் நோய் இன்னதென்று தெளிவாகிவிடும்.

‘ஏறக்குறையச் சரி’ ஏன் போதாது?

மாணாக்கர் சிலர், “எந்த எழுத்துப் பிழை என்று சேவையகம் சொல்லக் கூடாதா?” என்று வினவுவதுண்டு. அதற்கு அது தெரியாது என்பதே விடை. இதற்குப் பின்னால் சுவையான வரலாறு ஒன்றிருக்கிறது. கணினியிலே கடவுச்சொல்லை முதன்முதற் பாவித்தோருள், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1961இல் ஃபெர்னான்டோ கோர்பாட்டோ என்பாரின் குழு அமைத்த பொதுக் கணினியைப் பாவித்தோர் குறிப்பிடத்தக்கவர். அங்கே அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே கணினி கிடைத்தது. அது போதவில்லை. 1962இல் அவர், எல்லோருடைய கடவுச்சொற்களும் எழுதப்பட்டிருந்த பட்டியலையே அச்சிட்டுத் தரும்படி கணினிக்குக் கட்டளையிட்டுப் பெற்றுக் கொண்டார்! பிறர் பெயரில் நுழைந்து தம் வேலையை முடித்தார். மாணவர் புத்தி அன்றும் இப்படியே இருந்தது.

பட்டியல் இருந்தால் களவும் உண்டு என்று அறிந்தபின், சொல்லை அப்படியே எழுதிவைக்கும் வழக்கம் நாளடைவிற் கைவிடப்பட்டது. இன்றைய சேவையகம் சொல்லை ஒரு கணித ஆலையிலிட்டு அரைத்து, வரும் மாவை மாத்திரம் சேமித்து வைக்கிறது. நாம் மீண்டும் சொல்லைக் கொடுக்கும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. மாவிலிருந்து நெல்லை மீட்க முடியாது. ஓர் எழுத்து மாறினாலும் மாவு முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே சேவையகத்துக்கு ‘ஒன்று’, ‘ஒன்றன்று’ என்ற இரண்டே தெரியும்.

தமிழிலே கடவுச்சொல்

இவ்விடத்திலே தமிழர்க்கேயுரிய ஒரு சிக்கல் எழுகின்றது. இதனை விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கடவுச்சொல்லைத் தமிழெழுத்திலேயே வைக்கலாமா என்று ஆர்வமுள்ள இளைஞர் கேட்கின்றனர். கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணிலே இக்கேள்வி எழுவது மகிழ்ச்சிக்குரியது. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும், உலக மொழிகளின் எழுத்துக்கள் யாவற்றையும் கடவுச்சொல்லில் ஏற்றல் வேண்டும் என்றே கூறுகின்றன. ஆயினும் வழியில் ஒரு பள்ளம் உண்டு.

‘தோணி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு முதலெழுத்து இரட்டைக்கொம்பு, தகரம், அரவு என மூன்று உறுப்பாகத் தெரிகிறது. யூனிகோட் என்னும் உலகக் குறியேற்றத்திலே, இந்த ஓகாரக் குறிக்கு 3019 என்று தனி இலக்கம் உண்டு. அதே குறியை 3015 என்ற இரட்டைக்கொம்பும் 3006 என்ற அரவும் சேர்ந்ததாகவும் எழுதலாம். இரண்டும் திரையிலே ஒன்றாகவே தோன்றும். ஆனால் முன்னையது நான்கு குறியாக 12 பைட்டு நீளம். பின்னையது ஐந்து குறியாக 15 பைட்டு நீளம். அரைத்த மாவு வேறு. இலங்கையிலே வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஒழுங்கைத் தழுவியது. கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்பு அடிப்பர். தமிழ்நாட்டில் 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் தகரத்தின் பின் ஓகாரத்தை அடித்தால் போதும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் வேறொரு வழி. இவற்றுள் எது எந்த வடிவத்தை உள்ளே அனுப்பும் என்பது அந்தந்த மென்பொருளைச் செய்தவர் கையில் உள்ளது. கணினியில் வைத்த ‘தோணி’ தொலைபேசியில் ஏறாமற் போவது இதனாலேயே. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே கதி.

இன்னும் கேளுங்கள். ‘ஔவை’ என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்து ‘ஒளவை’ என்று எழுதுவோர் அச்சுலகிலேயே பலர். கண் மன்னித்துவிடும், கணினி மன்னிக்காது. தமிழ் இலக்கங்களும் அவ்வாறே: ௧ என்பது ககரம் போலவும், ௨ என்பது உகரம் போலவும், ௭ என்பது எகரம் போலவும், ௮ என்பது அகரம் போலவும் தோன்றும்.

ஒப்பிடுமுன் எல்லா வடிவங்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருக என்று 2017இல் இணைய விதியொன்றும் எழுதப்பட்டது. எல்லா மென்பொருளும் அதைப் பின்பற்றுவதில்லை. அன்றியும், நாம் மேலே கண்ட, போகுந்தோறும் சொல்லைக் காட்டும் முறையின் 1999ஆம் ஆண்டு விதியிலே, ஆங்கிலம் அல்லாத எழுத்துக்களை எந்தக் குறியேற்றத்தில் அனுப்புவது என்று சொல்லவே இல்லை. 2015இல்தான் அக்குறை ஒருவாறு நீக்கப்பட்டது. பழைய செயலிகள் தமிழெழுத்தைச் சிதைத்து அனுப்பினால் அவற்றைக் குறைகூறிப் பயனில்லை. விதியே அப்படி இருந்தது.

ஆகவே தமிழைக் கைவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. உலாவியில் நுழையும் முதன்மைச் சொல்லை, ஒகர ஓகார ஔகாரக் குறி வாராத நான்கைந்து தமிழ்ச் சொற்களாக வைத்துக்கொள்ளலாம். ‘பாடுமீன்’ தப்பிப் பிழைக்கும், ‘தோணி’ கவிழும். (இவ்விரண்டையும் எவரும் உண்மையாக வைத்துவிடாதீர்கள், மட்டக்களப்பாரின் சொல்லை ஊகிக்க முயலும் கள்வன் முதலில் மீனிடந்தான் போவான்.) தொலைபேசிக்கோ, சேவையகமே ஆக்கித் தரும் செயலிச் சொல்லை இடுக. அதிலே ஆங்கில எழுத்தும் இலக்கமும் கோடுமே வருவதால் வழியிலே உருமாறாது.

நின்றுபோன கடிகாரம்

மின்சாரத் தடைக்கும் கடவுச்சொல்லுக்கும் தொடர்பு உண்டென்றால் வியப்பாயிருக்கும். ஆறிலக்கக் குறியீடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. தொலைபேசியும் சேவையகமும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்தே அதைக் கணக்கிடுகின்றன. ராஸ்பெரி பை கணினியின் நான்காம் தலைமுறை வரையிலும், மின்சாரம் நின்றபின் ஓடும் கடிகாரம் அதனுள் இல்லை. விளக்கு அணைந்த நேரத்தையே வைத்துக்கொண்டு அது விழித்தெழும். பின்பு இணையத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணைய இணைப்பு வரத் தாமதமானாலோ, திருத்தும் ஏற்பாடு பழுதானாலோ, நேரம் பின்னே நிற்க, ஆறிலக்கமும் மறுக்கப்படும். செயலிச் சொல் ஆக்குவதற்குக்கூட உள்ளே போக இயலாது. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இன்றி இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் இருண்டது. இத்தகைய நாட்டில் சேவையகம் வைப்போர், மின்சாரம் வந்தவுடன் முதலில் அதன் நேரத்தைப் பார்க்கப் பழகுதல் வேண்டும்.

சில்லறைக் காரணங்கள் பலவுண்டு, விரைந்து சொல்லிவிடுகிறேன். தொலைபேசியின் விசைப்பலகை பயனர் பெயரின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்குவதும், சொல்லின் முடிவிலே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்றைச் சேர்ப்பதும் வழக்கம். செய்தியிலிருந்து பிரதி எடுத்து ஒட்டும்போதும் அவ்விடைவெளி கூடவே வரும். கடவுச்சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்திப் பார்த்துவிட்டு அனுப்புக. சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால் வரும் மறுப்பு வேறு. அதையும் கடவுச்சொற் கோளாறு என்று எண்ணிச் சொல்லை மாற்றாதிருங்கள். அறிவித்தலை இரண்டுமுறை நிதானமாக வாசித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

காவற்காரர் நாமே

‘கடவுச்சொல்லை மறந்தேன்’ என்று அழுத்தினால் பெரு நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பும். சொந்தச் சேவையகத்திலே மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாட்டைத் தமையனார் செய்திராவிடின் ஒன்றும் வாராது. அவரே சேவையகத்தின் கட்டளைத் திரையில் புதிய சொல்லை இட்டுக் கொடுக்க வேண்டும். அவர் தம் சொல்லையே மறந்தாலும் அவ்வழி திறந்தேயிருக்கும். சேவையகம் அவர் வீட்டு மேசைமேல் அன்றோ இருக்கிறது! ஆனால் அவர் நோயுற்றால்? வெளியூர் சென்றால்? அக்கட்டளைத் திரையின் சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, காணி உறுதியோடு வைத்திருத்தல் தகும். தாளில் எழுதுதல் பாவம் என்று சிலர் கூறுவர். அலுவலக மேசையில் ஒட்டிவைப்பது தவறே. வீட்டு அலுமாரியுள் பூட்டி வைப்பதைப் பற்றி எனக்கு அச்சமில்லை. டோகாவிலிருக்கும் தங்கைக்குத் தாயின் மருத்துவர் இலக்கம் அவசரமாக வேண்டியிருக்கும் நாளிலே, அந்த உறையை எடுக்க வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

இறுதியாக, பிரதியின் பிரதி. 2023 ஆகஸ்ட் மாதத்திலே இலங்கை அரசாங்கத்தின் கணினி முகிற் சேவையை, பணயப் பொருள் கேட்கும் தீநிரல் ஒன்று தாக்கியது. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாது அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. அந்தக் காலப்பகுதிக்குத் தனிப் பிரதி இல்லாமையே காரணம். ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்தது கல்லடியிலுள்ள ஒரு மேசைக்கு நேராதென்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு குடும்பத்தின் முகவரிகள் யாவும் சேர்ந்தாலும் சிறியதொரு கோப்பே. மாதத்துக்கு ஒருமுறை அதை வி-கார்ட் வடிவில் எடுத்து, ஒன்றை ரொறன்ரோவிலும் ஒன்றை டோகாவிலும் வைத்துவிடலாம். முக்கியமான இருபது முப்பது இலக்கங்களைத் தாளில் அச்சிட்டு, அம்மாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இருக்கும் இடத்திலே வையுங்கள். அவருக்கு வாசிக்கத்தக்க பெரிய எழுத்தில் அச்சிடுவது நன்று.